ஆதிக் கிறிஸ்தவம் பரவிய விதம்

கி. பி. 50ஆம் ஆண்டளவில் உரோமாபுரியில் வாழ்ந்த கல்விமான் ஒருவரிடம் சென்று, இன்னும் நானூறு ஆண்டுகளுக்குள் இப்பேரரசின் சமயமாக விளங்கப்போவது எது என்று வினவியிருந்தால், அவர் என்ன விடை கூறியிருப்பார்? எகிப்து நாட்டிலிருந்து வந்து மத்தியதரைத் துறைமுகங்கள் பலவற்றிலே கோயில் கொண்டிருந்த ஈசிஸ் தேவியின் வழிபாட்டை அவர் குறிப்பிட்டிருக்கலாம். பேரரசர்களையே தெய்வங்களாக வணங்கும் வழக்கம் நிலைத்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். பலஸ்தீனத்தின் வடக்கே கலிலேயாக் கடலோரத்தில் வலைவீசி வாழ்ந்த சிலர், சிலுவையில் அறையப்பட்டு இறந்த தம் குரு உயிர்த்தெழுந்தார் என்று கூறித் திரிந்த செய்தியை அவர் நிச்சயமாகக் குறிப்பிட்டிருக்கமாட்டார். சிலுவையோ அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை. ஆயினும் 380ஆம் ஆண்டிலே பேரரசன் தியோடோசியஸ் பிறப்பித்த கட்டளை அச்செய்தியையே பேரரசின் சமயமாக்கிற்று.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? வகுப்பறையிலே இக்கேள்வியைக் கேட்டால் மாணவர் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் தருவர். கொன்ஸ்தந்தைன் என்னும் பேரரசன் இச்சமயத்தைத் தழுவினான். ஆகவே குடிகளும் தழுவினர் என்பர். அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்ற பழமொழியும் அவர்களுக்குத் துணையாக வந்துவிடும். விடை எளியதுதான், ஆனால் அது காலவரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. கொன்ஸ்தந்தைன் 312ஆம் ஆண்டிலே தன் மனத்தைத் திருப்பியபோது இச்சமயத்துக்கு ஏறக்குறைய 280 வயதாகியிருந்தது. அதற்குள் அது சீரியாவிலும், சின்னாசியாவிலும், எகிப்திலும், வட ஆபிரிக்காவிலும், உரோமாபுரியிலும் வேரூன்றிவிட்டது. நெடுந்தூரம் நடந்து வந்துவிட்ட ஊர்வலத்திலே அவன் இடையில் வந்து சேர்ந்துகொண்டான் என்றே கூறவேண்டும். அந்த 280 ஆண்டுகளிலும் அதற்குப் படை இல்லை. அரச மானியம் இல்லை. காலத்தின் பெரும்பகுதிக்குச் சொந்தக் கோயிலும் இல்லை. இருந்தவை எவை என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இக்காலத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் தாமே எழுதிய நூல்கள் பல உண்டு. அவற்றோடு, அவர்களை விசாரித்த அதிகாரிகளின் கடிதங்களும் பதிவேடுகளும் சில நமக்குக் கிடைத்துள்ளன. பின்னவற்றுக்கு நான் சற்று அதிகமான மதிப்பைக் கொடுப்பதுண்டு. கிறிஸ்தவர்களைப் புகழவேண்டும் என்ற எண்ணம் அவற்றை எழுதியோருக்குக் கனவிலும் இருந்திராது.

முதலில் தொடக்கத்தைச் சிறிது நோக்குவோம். பெரிய ஏரோது மன்னனின் ஆட்சியில் இயேசுநாதர் பிறந்தார் என்பது மத்தேயுவின் சுவிசேடம் தரும் செய்தி. ஏரோது இறந்தது கி. மு. 4இல். ஆகவே, கிறிஸ்து பிறந்தது கிறிஸ்துவுக்கு முன் என்ற விந்தையான முடிவுக்கு நாம் வரவேண்டியிருக்கிறது! ஆறாம் நூற்றாண்டிலே இந்த ஆண்டுக் கணக்கை வகுத்த தியோனீசியஸ் என்னும் துறவி கணக்கிலே சில ஆண்டுகள் தவறிவிட்டார். இயேசுநாதர் பேசியது அரமேய மொழி. அவருக்கு மரண தண்டனை விதித்த பொந்தியு பிலாத்து 26ஆம் ஆண்டு முதல் 36ஆம் ஆண்டு வரை யூதேயாவின் உரோமத் தேசாதிபதியாக இருந்தவன். அவனுடைய பெயர் பொறித்த கல்லொன்று 1961ஆம் ஆண்டிலே செசரியா நகரத்து இடிபாடுகளில் கண்டெடுக்கப்பட்டது.

குருவை இழந்த சீடர்கள் யாவரும் யூதர்கள். எருசலேம் தேவாலயத்துக்குச் சென்று தொழுதுவந்தார்கள். மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டார்கள். தாம் புதிய சமயமொன்றைத் தோற்றுவிக்கிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தம் முன்னோருக்கு வாக்களிக்கப்பட்ட மெசியா வந்துவிட்டார் என்பதே அவர்கள் கூறிய செய்தி. மெசியா என்ற எபிரேயச் சொல்லுக்கு அபிடேகம் பெற்றவர் என்பது பொருள். அதனைக் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கும்போது கிறிஸ்து என்றாகிறது.

அக்காலத்து யூதர்களில் மிகப் பலர் பலஸ்தீனத்துக்கு வெளியே குடியேறியிருந்தனர். அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, கொரிந்து, உரோமாபுரி முதலான நகரங்களிலெல்லாம் அவர்களுக்குச் செபக்கூடங்கள் இருந்தன. ஆங்கே வேதம் கிரேக்க மொழியில் வாசிக்கப்பட்டது. ஒரே கடவுள் என்ற கொள்கையாலும் ஒழுக்க நெறியாலும் கவரப்பட்ட பிற இனத்தவரும் அச்செபக்கூடங்களுக்கு வந்து, பின்வரிசையில் இருந்து கேட்பதுண்டு. ஆயினும் முழுமையாகச் சேர்வதற்கு அவர்களிற் பலர் தயங்கினர். விருத்தசேதனம் செய்துகொள்ளவேண்டும், உணவு விதிகள் அனைத்தையும் கைக்கொள்ளவேண்டும். இவை அவர்களுக்கு உயர்ந்த மதில்களாய் நின்றன. புதிய செய்தி முதலிற் சென்று விழுந்தது இவர்களுடைய காதுகளிலேதான்.

சீரியாவிலுள்ள அந்தியோக்கியா அக்காலத்துப் பேரரசிலே உரோமாபுரிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்தபடியாக எண்ணப்பட்ட மாநகரம். கிறிஸ்தவர் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது அங்கேதான் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அங்கே யூதரும் யூதரல்லாதாரும் ஒரு பந்தியில் இருந்து உண்ணத் தொடங்கினர். நேயர்களே, ஒரே பந்தியில் உட்காருவது எத்துணைப் பெரிய விடயம் என்பதை நம் நாட்டவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. கொள்கையிலே ஒன்றுபடுவது எளிது. இலை போடும் இடத்திலேதான் மனிதனின் உண்மையான சமயம் வெளிப்படும்.

இவ்விடயம் பெரும் பிணக்காயிற்று. புதிதாக வருவோர் முதலில் யூதராகவேண்டுமா, அன்றி வந்தபடியே வரலாமா என்பது கேள்வி. 49ஆம் ஆண்டளவில் எருசலேமிலே தலைவர்கள் கூடி ஆலோசித்தார்கள். இயேசுநாதரின் சகோதரர் என்று கூறப்பட்ட யாக்கோபு அங்கே முதன்மை பெற்றிருந்தார். பிற இனத்தவர் மீது விருத்தசேதனத்தைச் சுமத்துவதில்லை என்று முடிவாயிற்று. முடிவு செய்வது ஒன்று, அதன்படி ஒழுகுவது மற்றொன்று. பேதுரு அந்தியோக்கியாவுக்கு வந்து யூதரல்லாதாரோடு அமர்ந்து உண்டார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி ஒதுங்கிக்கொண்டார். பவுலோ சபையார் எல்லாருக்கும் முன்பாக அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். இதனைப் பவுலே கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திலே ஒளிவு மறைவின்றி எழுதிவைத்திருக்கிறார். திருச்சபையின் தலைமகனாகப் போற்றப்படும் ஒருவர் கண்டிக்கப்பட்ட செய்தியை அச்சபையே வேதமாகப் பேணி இன்றுவரை வாசித்துவருவது வியப்புக்குரியது.

அன்று யாக்கோபின் ஆட்கள் வென்றிருந்தால், கிறிஸ்தவம் யூத சமயத்தின் உட்பிரிவுகளுள் ஒன்றாக நின்று, 70ஆம் ஆண்டிலே உரோமப் படைகள் எருசலேமை அழித்துத் தேவாலயத்தைத் தீக்கிரையாக்கியபோது பெரும்பாலும் மறைந்திருக்கும் என்பது என் கருத்து.

கத்தோலிக்க மக்கள் முற்காலத்தில் சின்னப்பர் என்று அழைத்துவந்த இந்தப் பவுல் தர்சு பட்டினத்தவர். கூடாரம் செய்வது அவர் தொழில். கொரிந்து நகரிலே அக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியரின் வீட்டில் தங்கி அவர்களோடு அத்தொழிலையே செய்தார். அவர்களும் கூடாரத் தொழிலாளரே. பேரரசன் குளோதியு யூதர்களை உரோமாபுரியிலிருந்து வெளியேற்றியபோது அங்கிருந்து வந்தவர்கள். ஊசியும் தோலும் கைகளில் இருக்க, வாடிக்கைக்காரர் வருவதும் போவதுமாயிருக்க, பேச்சு நடந்தது. பிலிப்பி நகரிலே அவருக்குத் தன் வீட்டைத் திறந்துகொடுத்தவள் லீதியாள் என்னும் இரத்தாம்பர வியாபாரி. உரோமருக்கு எழுதிய நிருபத்தின் முடிவிலே கெங்கிரேயாத் துறைமுகத்துச் சபையின் ஊழியக்காரியான பெபேயாள் என்பவளைப் பவுல் அறிமுகம் செய்து, அவளை அன்போடு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்கிறார். அந்நிருபத்தை உரோமாபுரிக்குக் கொண்டு சென்றவள் அவளாகவே இருக்கலாம் என ஆய்வாளர் கொள்வர். உரோமரின் வீதிகள் படைகள் செல்வதற்காக அமைக்கப்பட்டவை. கப்பல்கள் தானியம் ஏற்றுவதற்காக ஓடியவை. அவ்வீதிகளிலும் அக்கப்பல்களிலும் இவர்களும் சென்றார்கள். பவுலின் நிருபங்கள் நான்கு சுவிசேடங்களுக்கும் முற்பட்டவை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் நிருபம் 50ஆம் ஆண்டளவிலே எழுந்தது. கிறிஸ்தவ இலக்கியம் கடிதங்களாகத் தொடங்கியது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

64ஆம் ஆண்டிலே உரோமாபுரி தீப்பற்றி எரிந்தபோது பேரரசன் நீரோ கிறிஸ்தவர்கள் மீது பழிசுமத்திக் கொடுமை புரிந்த கதை பலரும் அறிந்ததே. அதனை விட்டு, அத்துணைப் பெயர்பெறாத ஒரு கடிதத்திடம் வருகிறேன்.

கருங்கடலோரத்துப் பித்தினியா மாகாணத்தின் தேசாதிபதியாக இருந்த பிளினி, 112ஆம் ஆண்டளவிலே பேரரசன் திராஜனுக்கு அக்கடிதத்தை எழுதினான். நல்ல கல்விமான், நேர்மையான அதிகாரி. கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்கிறான். மூன்று முறையும் ஆம் என்பவரைக் கொலைக்களத்துக்கு அனுப்புகிறான். கொள்கை எதுவாயினும் பிடிவாதம் தண்டனைக்குரியது என்பது அவன் நியாயம். இவர்கள் செய்யும் குற்றந்தான் யாது என்று விசாரித்தபோது கிடைத்த விடையையும் அவன் எழுதுகிறான். குறித்த ஒரு நாளிலே விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள். களவு செய்வதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள். பின்னர் மீண்டும் கூடிச் சாதாரண உணவை உண்கிறார்கள். இவ்வளவுதான். பந்தி மீண்டும் வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

இதனை அவன் முழுதும் நம்பவில்லை. உண்மையை அறியும்பொருட்டு இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாக எழுதுகிறான். அவ்விருவரும் அச்சபையிலே ஊழியக்காரிகள் என அழைக்கப்பட்டவர்கள். அளவுகடந்த மூடநம்பிக்கையைத் தவிர வேறெதுவும் அவர்களிடம் அகப்படவில்லை என்று முடிக்கிறான். அவர்களின் பெயர்களை அவன் குறிக்கவில்லை. அடிமையின் வாக்குமூலத்தைச் சித்திரவதை செய்து பெறவேண்டும் என்பது அக்காலத்து வழமை. ஆகவே அதனைச் சொல்ல அவன் கூசவுமில்லை. ஆனால் ஒன்றைக் கருதுங்கள். சந்தையிலே விலைகூறி வாங்கப்பட்ட இரு பெண்கள், சுதந்திர மக்களும் சேர்ந்திருந்த ஒரு சபையிலே பொறுப்பான பதவி வகித்தனர். உரோம உலகிலே அவர்களுக்கு அப்படியோர் இடத்தைக் கொடுக்க வேறெத்தனை பேர் இருந்தனர்?

இவ்விடயம் நகரங்களில் மாத்திரமன்றிக் கிராமங்களிலும் பரவிவிட்டது என்று பிளினி முறையிடுகிறான். கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்தனவாம். பலியிட்ட இறைச்சியை வாங்குவார் அருகிவிட்டனராம். திராஜனின் மறுமொழி சுருக்கமானது: அவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டாம், முறைப்படி குற்றஞ்சாட்டி நிரூபித்தால் தண்டிக்கலாம், பெயரிடாத மொட்டைக் கடிதங்களை ஏற்கவேண்டாம். மொட்டைக் கடிதத்துக்கு இவ்வளவு தெளிவான தீர்ப்பை அன்றே ஓர் அரசன் வழங்கியிருக்கிறான்.

இனி இரண்டு நூற்றாண்டு கடந்து வட ஆபிரிக்காவிலுள்ள சிர்த்தா என்னும் பட்டினத்துக்குச் செல்வோம். இன்று அல்சீரியாவிலே கொன்ஸ்தாந்தீன் என்ற பெயரோடு விளங்குவது அதுவே. 303ஆம் ஆண்டிலே பேரரசன் தயோக்கிளீசியன் கிறிஸ்தவரின் வேதநூல்களைக் கைப்பற்றி எரிக்குமாறு கட்டளையிட்டான். அவ்வாண்டு மே மாதத்திலே சிர்த்தா நகர அதிகாரி கிறிஸ்தவர் கூடும் வீட்டுக்கு எழுத்தர்களுடன் சென்று, அங்கே அகப்பட்டவற்றையெல்லாம் பட்டியல் எழுதுவித்தான். அப்பட்டியல் இன்றும் உள்ளது. பொன் கிண்ணங்கள் 2, வெள்ளிக் கிண்ணங்கள் 6, விளக்குகள் பல. அடுத்து வருவனவற்றைக் கேளுங்கள்: பெண்களுக்கான அங்கிகள் 82, முக்காடுகள் 38, ஆண்களுக்கான அங்கிகள் 16, ஆண்களின் பாதரட்சைகள் 13 சோடி, பெண்களின் பாதரட்சைகள் 47 சோடி. உணவறையிலே தாழிகளும் சாடிகளும் இருந்தன. நூல்களிற் பெரும்பாலானவை அங்கில்லை. அவற்றைச் சபையிலே வாசிப்போர் தத்தம் வீடுகளில் வைத்திருந்தனர்.

வேதநூல்களைத் தேடிச் சென்ற அதிகாரி, பெண்களின் உடைகளையும் செருப்புகளையும் எண்ணிக்கொண்டு நின்றான்! இவை ஏழைகளுக்கு, சிறப்பாகக் கைம்பெண்களுக்கு, வழங்குவதற்கென வைத்திருந்தவை என்பதே பொருத்தமான விளக்கமாகும். உரோமாபுரிச் சபையைப் பற்றி 251ஆம் ஆண்டளவிலே அதன் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதமொன்றிலும் இதற்கு ஆதாரம் உண்டு. அங்கே குருமார் 46 பேர். சபையின் பராமரிப்பில் இருந்த கைம்பெண்களும் வறியோரும் 1,500 பேருக்கு மேல். கணவனை இழந்த பெண் உறவினரின் தயவிலே வாழவேண்டிய உலகில், ஊர்பேர் அறியாதவளுக்கும் சோறும் துணியும் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று மாநகரிலே ஒழுங்காக இயங்கிவந்தது. அதே காலத்தில் பேரரசெங்கும் கொள்ளைநோய் பரவியது. அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு, தம்மவர் நோயாளிகளைக் கைவிடாது பராமரித்து, இறந்தோரை அடக்கம் செய்து, பலர் தாமும் அந்நோயால் மாண்டனர் என்று எழுதுகிறார். தம் கூட்டத்தாரைப் பற்றித் தாமே எழுதியது என்பதால் சிறிது குறைத்து மதிப்பிடுவோம். அப்போதும் எஞ்சுவது சிறிதன்று. மருந்து அறியாத காலத்திலே, அருகிருந்து தண்ணீரும் கஞ்சியும் கொடுப்பதே சிலரைப் பிழைக்கவைக்கும். பிழைத்தவர் கொடுத்த கையை மறக்கமாட்டார்.

எல்லாரும் வீரர்களாய் நின்றார்கள் என்று நினைப்பது தவறு. பேரரசன் தேசியு, தெய்வங்களுக்குப் பலியிட்டதற்கு ஒவ்வொருவரும் சான்றிதழ் பெறவேண்டும் என்று 249ஆம் ஆண்டின் முடிவிலே கட்டளையிட்டான். அச்சான்றிதழ்களில் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்திய மணலிலிருந்து கிடைத்துள்ளன. கிறிஸ்தவர் பலர் அஞ்சிப் பலியிட்டனர். வேறு சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழை வாங்கினர். புயல் ஓய்ந்தபின் இவர்கள் திரும்பிவந்து வாயிலில் நின்றனர். சேர்ப்பதா, விலக்குவதா? இவ்வழக்கு உரோமாபுரியிலும் கார்த்தேசிலும் சபையைப் பிளந்தது. நீண்ட மனந்திருந்துதலின் பின் சேர்ப்பது என்ற கொள்கையே ஈற்றில் நிலைத்தது. கண்டிப்பானவர்கள் பிரிந்து சென்றார்கள். விழுந்தவனுக்கும் இடமுண்டு என்று கூறிய சபையே பெருகிற்று.

கொன்ஸ்தந்தைன் காலத்தை எட்டியபோது பேரரசின் மக்களிற் பத்தில் ஒருவர் கிறிஸ்தவராயிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் மதிப்பீடு. 311இல், நோயுற்றுக் கிடந்த கலேரியு என்ற பேரரசனே துன்புறுத்தலைக் கைவிட்டான். 313இல் கொன்ஸ்தந்தைனும் லிசீனியுவும் மிலான் நகரிலே உடன்பட்டு எல்லாச் சமயத்தாருக்கும் வழிபாட்டுரிமை அளித்தனர். 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் அரச செலவிலே பயணஞ் செய்து வந்தார்கள். பத்திருபது ஆண்டுகளுக்கு முன் சிறையிலும் சுரங்கத்திலும் கிடந்தோர் சிலரும் அவர்களிடையே இருந்தனர்.

வெற்றிக்கு விலையும் இருந்தது. 385ஆம் ஆண்டிலே திரியர் நகரில் பிரிஸில்லியன் என்ற ஆயரும் அவரைச் சார்ந்தோர் சிலரும் கிறிஸ்தவ அரசனொருவனின் ஆணையால் கொல்லப்பட்டனர். சூனியம் என்பது சுமத்தப்பட்ட குற்றம். அவர்கள்மீது வழக்குத் தொடுத்தவர்களும் கிறிஸ்தவ ஆயர்களே. தூர் நகரத்து மார்ட்டினும் மிலான் நகரத்து அம்புரோசும் அதனைக் கண்டித்தனர் என்பதை அவர்களுடைய பெருமைக்காகச் சொல்லவேண்டும். பிளினியின் நீதிமன்றத்திலே குற்றவாளிக் கூண்டில் நின்ற சமயம் 270 ஆண்டுகளுக்குள் நீதிபதியின் ஆசனத்துக்கு அருகே வந்துவிட்டது.

பேரரசின் எல்லைக்கு அப்பால் வேறொரு விலையும் கொடுக்கப்பட்டது. கிறிஸ்தவம் மேற்கு நோக்கி மட்டும் சென்றதன்று. யூபிரதீஸ் நதிக்கரையிலே டூரா என்ற எல்லைக் கோட்டையில், ஞானஸ்நான அறையோடு கூடிய வீட்டுக் கோயில் ஒன்று அகழ்ந்து காணப்பட்டுள்ளது. 256ஆம் ஆண்டளவில் நடந்த முற்றுகையின்போது மண்ணுள் புதைந்து, அதனாலேயே அழியாமல் நின்றது அது. அதற்கும் கிழக்கே பாரசீகத்தில், சீரிய மொழியில் வழிபட்ட சபைகள் பல இருந்தன. உரோமப் பேரரசன் கிறிஸ்தவனானதும் பாரசீக மன்னன் இரண்டாம் சாப்பூர் தன் நாட்டுக் கிறிஸ்தவர்களைப் பகைவனின் ஆட்களாகக் கருதலானான். 340ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய துன்புறுத்தல் பல்லாண்டு நீடித்தது. மேற்கே முடிசூடிய அதே காலத்தில், கிழக்கே இச்சமயத்தார் இரத்தஞ் சிந்தினர்.

அரசரின் துணையின்றி வாழப் பழகிய அப்பாரசீகச் சபையாரே வணிகரோடு கடல்வழியாக மலையாளக் கரைக்கும் நம் நாட்டுக்கும் வந்தவர்கள். ஆறாம் நூற்றாண்டிலே கொஸ்மஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் தம் நூலில் தப்பிரபேன் எனப்பட்ட இலங்கையைப் பற்றி எழுதுகையில், அங்கே குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயிலும், பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட குருவானவர் ஒருவரும், உதவிக்குரு ஒருவரும் இருந்தனர் என்கிறார். அரசனும் நாட்டு மக்களும் வேறு சமயத்தினர் என்றும் குறிப்பிடுகிறார். 1912ஆம் ஆண்டிலே அநுராதபுரத்து இடிபாடுகளில் வழுவழுப்பான கருங்கற்றூணொன்றின் பக்கத்திலே செதுக்கிய சிலுவை ஒன்று காணப்பட்டது. பிற்காலத்துப் போர்த்துக்கேயர் கொணர்ந்த சிலுவையின் வடிவம் அதற்கு இல்லை. கிழக்குத் திருச்சபையார் செதுக்கும் முறையிலே, அடியிலிருந்து இருபுறமும் இலைகள் கிளைத்தெழ நிற்கிறது.